பச்சை ஒயர் சுற்றிய கால்மிதி

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல் பார்ப்போம். ஒரு வீட்டில் அதைப் பிடுங்கி வெளியே போட்டார்கள். மழையில் நனைந்தது, வெயிலில் காய்ந்தது, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு வீட்டில் அதைக் குளிப்பாட்டி, எண்ணெய் பூசி, கூடத்தில் நிறுத்தி, வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டார்கள். அது என்ன?

பிள்ளையார் சிலையா? இல்லையம்மா. நன்றாக யோசி. பஸ் கந்தர்வகோட்டை வருவதற்குள் சொன்னால் போதும்.

சரி, நானே சொல்லிவிடுகிறேன். பழைய கதவு. இடித்த வீட்டுக் கதவு. புத்தகத்தில் தேடாதே, இருக்காது. நானே கட்டியது. முப்பத்தாறு வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். தஞ்சாவூர் கரந்தையில் வந்து லோகாம்பாள் டீச்சர் வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். பிள்ளைகள் கண்ணைப் பார்த்தே பென்சிலை யார் எடுத்தது என்று சொல்லிவிடுவேன். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. தவறியிருந்தால் அந்தப் பிள்ளை சொல்லியிருக்குமே.

அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டுதான் புதுக்கோட்டையில் ஐந்து வருஷம் இருந்தேன். என் தம்பி கதிரேசன் வீட்டில். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை அவனுக்கு. மனைவி வனஜா காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், திரும்பி வரவில்லை. மகள் ஆதிரைக்கு அப்போது நாலு வயசு. நான் அந்த மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தேன். ஒரு பெட்டியோடு போய் இறங்கினேன். தலை பின்னுவதிலிருந்து வாய்ப்பாடு வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு எல்லாம் நான்தான்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கதிரேசன் மறுபடி கல்யாணம் செய்துகொண்டான். பெண் அறந்தாங்கிப் பக்கம், பெயர் தமயந்தி. நான் தடுக்கவில்லை. ஆனால் அன்றைக்கே ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டேன். ஆதிரை நாலாம் வகுப்பு முடித்ததும் நான் தஞ்சாவூர் திரும்புவேன், அவளையும் கூட்டிக்கொண்டு போவேன், அங்கே வைத்துப் படிக்க வைப்பேன் என்று. "பிள்ளை சரின்னு சொன்னா எனக்கும் சரிதான்க்கா" என்றான். எனக்கு அது போதும். ஒன்பது வயசுப் பிள்ளை என்னைத் தவிர வேறு யாரிடம் சரி சொல்லும்?

நாலாம் வகுப்பு முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். பிள்ளை எங்கே என்று இப்போது கேட்காதே. வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தப்பினால் எனக்குப் பிடிக்காது.

தமயந்தி வந்து மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகம். நாலாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குனிந்து கூடத்துத் தரையை உரிக்க ஆரம்பித்தாள். ஆமாம், உரிக்க. ஆதிரை வழுக்கி விழக் கூடாது என்று நான் கூடம் முழுக்க பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டியிருந்தேன், பளிங்கு மாதிரி டிசைன் போட்டது. அதை மூலையிலிருந்து கிழித்துக்கொண்டே வந்தாள்.

"என்னம்மா தேடுற?" என்றேன்.

"தரையத் தேடுறேன் அண்ணி" என்றாள்.

தரையைத் தேடுகிறாளாம். அடியில் ஏதாவது புதைத்து வைத்திருக்கிறாளோ, இல்லை, யாராவது புதைத்ததை எடுக்கிறாளோ என்று எனக்கு ஓடியது. செய்வினை, தகடு இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. படித்தவள் நான். ஆனாலும் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கிழித்த விரிப்பை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். பசைதான் இருந்தது.

அடியில் பழைய சிவப்புத் தரை. அதைச் சுரண்டி, கழுவி, தேங்காய் எண்ணெய் விட்டுத் தேங்காய் மட்டையால் தேய் தேய் என்று நாலு ஞாயிற்றுக்கிழமை தேய்த்தாள். ஆதிரையும் கூட உட்கார்ந்து தேய்த்தது. முடிவில் முகம் தெரிகிற மாதிரி ஆகிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். உடனே போனை எடுத்துப் போட்டோ பிடித்தாள். "விண்டேஜ் அண்ணி. இதுதான் இப்ப எல்லாரும் கேக்குறாங்க. நம்மகிட்ட சும்மாவே கெடந்துருக்கு பாருங்க" என்றாள். எவரெவரோ அதைப் பார்த்து இதயம் போட்டார்களாம். முகம் தெரியாத ஜனங்கள் நம் வீட்டுத் தரையைப் பார்த்து ஏன் இதயம் போட வேண்டும்? எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பழைய வருகைப் பதிவேட்டில் குறித்து வைக்க ஆரம்பித்தேன். எது வீட்டைவிட்டுப் போகிறது, எது வருகிறது, எந்தத் தேதி. ஆண்டுத் தேர்வு வரும்போது பழைய குறிப்புதான் கைகொடுக்கும்.

முதலில் சோபா போனது. நான் தவணையில் வாங்கிப் போட்டது, மெத்து மெத்தென்று இருக்கும். அதை விற்ற கையோடு பிரம்புப் பின்னல் அறுந்த நாலு நாற்காலி வந்தது. தமயந்தி கடையில் பிரம்பு வாங்கி ஊறப்போட்டு, போனில் பார்த்துப் பார்த்துத் தானே பின்னினாள். முதல் நாற்காலியில் கதிரேசன் உட்கார்ந்தான், உள்ளே போய்விட்டான். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. நானும் தமயந்தியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து அவனை வெளியே எடுத்தோம். இரண்டாவது நாற்காலியிலிருந்து சரியாகப் பின்னினாள்.

பிறகு கதவு. பிறகு வட்டமான கறுப்பு சுவிட்ச்சுகள், தட்டினால் டக்கென்று சத்தம் கேட்பவை. பிறகு ஓரமெல்லாம் புள்ளி விழுந்த நிலைக்கண்ணாடி. எத்தனை பேர் முகம் பார்த்த கண்ணாடியோ! எல்லாம் இடித்த வீடுகளில் அள்ளியது, பழைய சாமான் கடையில் பொறுக்கியது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள், பாலிஷ் அடிப்பாள், நகமெல்லாம் பழுப்பு. ஆசாரியைக் கூப்பிட மாட்டாள். கேட்டால், "ஆசாரி கூலிக்கு இன்னொரு ஜன்னல் வாங்கிரலாம் அண்ணி" என்பாள்.

ஒரு தடவை என்னையும் காரைக்குடிக்குக் கூட்டிப் போனாள், கட்டில் வாங்க. ஜபருல்லா என்று ஒரு கடைக்காரர். பெரிய தேக்குக் கட்டில் ஒன்றைக் காட்டினார். நான் அவரை நேராகக் கேட்டேன். "இதில் யார் செத்தது?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "ஒரே ஒருத்தர்தாம்மா. தொண்ணூத்தி நாலு வயசு, தூக்கத்துல. ஆனா ஒம்போது பேரு பொறந்துருக்காங்க. கணக்குப் பாத்தா லாபக் கட்டிலு" என்றார்.

தமயந்தி சிரித்தாள். எனக்கு அவள் சிரித்த விதம் பிடிக்கவில்லை. இவ்வளவு ஆழமாக மற்றவர் வீட்டுச் சாமானை ஏன் விரும்புகிறாள்? ஏற்கெனவே ஒருத்தி இருந்த வீட்டுக்கு வந்தவள். அந்த ஒருத்தியின் சுவடு தெரியாமல் வேறு நூறு பேர் சாமானைப் போட்டு மூடுகிறாள். இதுதான் என் முடிவு. பதிவேட்டிலும் அப்படித்தான் எழுதினேன்.

நான் மூடவில்லையா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வைத்திருக்கிறேன்.

இந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் சனிக்கிழமைதோறும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தாள். ஓவிய வகுப்பு என்றாள். நானும் நம்பினேன், இரண்டு வாரம். மூன்றாவது வாரம் பிள்ளையின் கையைப் பார்த்தேன். விரலில் வண்ணம் இல்லை, துரு இருந்தது. ஓவியத்தில் எங்கேயம்மா துரு வரும்?

நாலாவது சனிக்கிழமை ஒரு ஆட்டோவைப் பிடித்துப் பின்னாலேயே போனேன். ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு பழைய இரும்புக் கடை. வாசலில் உடைந்த ஃபிரிட்ஜ்களை அடுக்கி வைத்திருந்தார்கள், அதற்குப் பின்னால் நின்றுகொண்டேன். உள்ளே இரும்புக் குவியல். தமயந்தி ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், குடை நிழல் பிள்ளை மேலே விழுகிற மாதிரி. பிள்ளை ஒவ்வொரு குவியலாகப் போய்க் குனிந்து அடியில் எட்டிப் பார்க்கிறது, தலையை ஆட்டுகிறது. "இதுவும் இல்லையா பாப்பா?" என்கிறான் கடைக்காரன்.

என் வளர்ப்பு! நான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த பிள்ளை! இரும்பு பொறுக்கப் பழக்குகிறாளே! அதற்குள் கடையில் வேலை பார்க்கிற ஒரு அம்மாள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"என்ன வேணும் டீச்சரம்மா?"

"ஒன்றுமில்லை, சும்மா பார்க்கிறேன்."

"சும்மா பாக்க இதென்ன நகைக்கடையா?" என்றாள்.

நான் டீச்சர் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் அந்தக் கடைக்கு ஒரு முறை போயிருக்கிறேன்.

இப்போது அதைச் சொல்ல வேண்டும். வனஜா தையல் மெஷின் வைத்திருந்தாள், இரும்புக் கால் வைத்தது, காலால் மிதித்துத் தைப்பது. அவள் தைக்கும்போது ஆதிரை மெஷினுக்கு அடியில் போய் அந்தக் கால்மிதியில் உட்கார்ந்துகொள்ளுமாம். வனஜா மெதுவாக ஆட்டிக்கொண்டே தைப்பாளாம். இரும்பு ஓரம் பிள்ளைத் தொடையில் கீறும் என்று கூடை பின்னுகிற பச்சை ஒயரை அந்தக் கால்மிதி முழுக்கச் சுற்றி வைத்திருந்தாள். வேலை மெனக்கெட்டு.

வனஜா போன பிறகு பிள்ளை அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டது. சாப்பிட வராது. கூப்பிட்டால் அழும். தூக்கினால் அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு அழும். வகுப்பில் ஒரு பிள்ளை ஜன்னலைப் பார்த்துப் பார்த்து அழுகிறது என்றால் நான் என்ன செய்வேன்? ஜன்னலைச் சாத்துவேன். அதே முறைதான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மெஷின் தலையை ஒரு ஏழைத் தையல்காரிக்குக் கொடுத்தேன். மோட்டார் வைத்துக்கொள்கிறேன், கால் வேண்டாம் என்றாள். இரும்புக் காலை அந்தக் கடையில் போட்டுவிட்டேன். வனஜாவின் சேலை, சீப்பு, செருப்பு எல்லாம் ஒரே நாளில் கிளம்பிவிட்டன. போட்டோவை மட்டும் நான் தூக்கிப் போடவில்லை. கல் நெஞ்சமா எனக்கு? தஞ்சாவூரில் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஆதிரை பத்தாம் வகுப்பு முடித்ததும் கொடுக்கலாம் என்று.

பிள்ளை வந்து கேட்டது. "அத்தை, மெஷின் எங்க?"

"அம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றேன்.

சேலை எங்கே என்றது. அதையும் அம்மா எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சீப்பு? அதுவும்தான். அதற்குப் பிறகு ஆதிரை அழவே இல்லை. அம்மா என்ற பேச்சையே எடுக்கவில்லை. அவ்வளவு நன்றாக வேலை செய்தது என் முறை.

அதைத்தான் இந்தத் தமயந்தி தோண்டியிருக்கிறாள். எப்படித் தோண்டினாள்? உப்புத்தாளும் கையுமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தேய்க்கும்போது பிள்ளை வாயைத் திறந்திருக்கிறது. என்னிடம் ஐந்து வருஷம் சொல்லாததை இவளிடம் நாற்காலி தேய்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறது. "அம்மா மெஷின எடுத்துட்டுப் போனாங்கல்ல, ரொம்ப வெயிட்டா இருந்துருக்குமே சித்தி?" என்று கேட்டதாம். இதைக் கதிரேசன்தான் பிறகு எனக்குச் சொன்னான். இவள் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? "ஆமாம்" என்று சொல்லி முடித்திருக்க வேண்டும். அதற்குப் பதில், "இரும்பையெல்லாம் யாரும் கொண்டுபோக முடியாதுடா, வா, தேடிப் பாப்பம்" என்றிருக்கிறாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கதிரேசனிடம் எடுத்துச் சொன்னேன். ஓவிய வகுப்பு என்று பொய் சொல்லிப் பிள்ளையைக் கடை கடையாக இழுத்துப் போகிறாள், பொய் சொல்லப் பழக்குகிறாள், பொய் என்றால் எனக்கு ஆகவே ஆகாது என்று. அவன் ரசத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

சித்திரை பிறந்த பத்தாம் நாள். வாசலில் குட்டியானை வண்டி வந்து நின்றது. ஜபருல்லாவே கூட வந்திருந்தார். இரும்புக்கடைக்காரன் அந்தக் காலை உருக்கவில்லையாம். இந்த மாதிரிக் காலுக்கு மேலே பலகை போட்டு ஹோட்டலில் மேஜையாக்குகிறார்கள் என்று காரைக்குடிக்கு விற்றுவிட்டானாம். அங்கே ஜபருல்லாவின் கிடங்கில் நாற்பது ஐம்பது கால்களுக்கு நடுவில் கிடந்திருக்கிறது. "உங்க பொண்ணு ஒவ்வொண்ணுக்கும் அடியில தவந்து போயி கண்டுபுடிச்சுச்சும்மா. நான் நம்பவே இல்ல" என்றார் தமயந்தியிடம். உங்க பொண்ணு! நான் அங்கேயே நிற்கிறேன், திருத்தவில்லை அவள்.

இறக்கி வைத்தார்கள். துரு, தூசி. ஆனால் கால்மிதியில் பச்சை ஒயர் அப்படியே இருந்தது, ஒரு முனை மட்டும் பிரிந்து தொங்கியது. ஆதிரை முழங்காலை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து உட்கார்ந்தது. தலை இடித்தது. தலையைச் சாய்த்துக்கொண்டது. தமயந்தி காலை வைத்து மெதுவாக ஆட்டினாள். கீச் கீச் என்றது.

பிறகு உள்ளே இருந்தபடியே என்னைக் கேட்டது. "அத்தை, அம்மா எடுத்துட்டுப் போனாங்கன்னு சொன்னீங்களே?"

"திருப்பி அனுப்பிட்டாங்க போலிருக்கு" என்றேன். சமயோசிதம் வேண்டும் டீச்சருக்கு.

பிள்ளை பிரிந்து தொங்கிய ஒயர் முனையைச் சுற்றிச் செருகியது. அப்புறம், "வேற என்னென்ன அத்தை அம்மா எடுத்துட்டுப் போகல?" என்றது.

நீயே சொல், இது ஒன்பது வயசுப் பிள்ளையின் கேள்வியா? யாரோ எழுதிக் கொடுத்த கேள்வி இது. நான் தமயந்தியைத்தான் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துரு வாடை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

கதிரேசன் வந்தான், பார்த்தான், "அக்கா, இத யாரோ தையல்காரிக்குக் குடுத்துட்டதாச் சொன்னியே" என்றான். நான் கொடுத்ததாகச் சொன்னது தலையை. காலைப் பற்றி அவன் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. இதில் எங்கே பொய் இருக்கிறது?

எனக்குப் பொறுக்கவில்லை. "இந்த வீட்டில் ஒன்று இந்தத் துருப்பிடித்த இரும்பு இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன்" என்றேன்.

"இரும்பு ஒரு மூலையில கெடக்கும் அண்ணி. நீங்களும் இருங்க. எடம் இருக்கு" என்றாள் தமயந்தி.

என்னையும் இரும்பையும் ஒரே மூச்சில் மூலையில் வைக்கிறாள், கேட்டாயா? "வீட்டை ஒழுங்காக வைத்திருந்தேன் நான். குப்பைக் கிடங்கு ஆக்கிவிட்டாய்" என்றேன்.

"நீங்க வீட்டையா ஒழுங்கு பண்ணீங்க? பிள்ளையோட ஞாபகத்தையில்ல ஒழுங்கு பண்ணீங்க" என்றாள். முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது.

"தமயந்தி, விடு" என்றான் கதிரேசன். அதட்டுகிற மாதிரி இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

சரி, விட்டேன். ஆனால் வாங்கி வைத்த வார்த்தை இருக்கிறதே. இன்று காலையில் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, மூன்று பேரையும் கூடத்துக்குக் கூப்பிட்டேன். தம்பி சொன்னது ஞாபகம் இருக்கட்டும், பிள்ளை சொல்வதுதான் முடிவு, இப்போதே கேட்டுவிடலாம் என்றேன்.

"இப்படிக் கேக்க வேணாம்க்கா. சின்னப் புள்ள" என்றான்.

பயம் அவனுக்கு. எனக்கென்ன பயம்? முப்பத்தாறு வருஷம் இதே முறையில்தான் வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுத்தேன். சாக்பீஸ் எடுத்து அந்தச் சிவப்புத் தரையில் குறுக்கே ஒரு கோடு போட்டேன். இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேரும். யாரும் பேசக் கூடாது, சைகை கூடாது, முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. தமயந்தி தலையைக் குனிந்துகொண்டாள். குனிவதுகூட ஒரு சைகைதான், நிமிர்ந்து நில் என்றேன். நிமிர்ந்தாள்.

பிள்ளைக்கு எல்லாம் தெளிவாகச் சொன்னேன். தஞ்சாவூரில் உனக்குத் தனி அறை. புது பீரோ, புதுக் கட்டில், இன்னும் பாலிதீன் கவர்கூடப் பிரிக்கவில்லை, அதில் ஒருத்தரும் படுத்ததில்லை. பெரிய பள்ளிக்கூடம். எல்லாம் புதுசு. அத்தை கூட வருகிறவர்கள் இந்தப் பக்கம், இங்கேயே இருக்கிறவர்கள் அந்தப் பக்கம்.

"கோட்டு மேல நிக்கலாமா அத்தை?" என்றது.

"கூடாது. கோட்டு மேல நின்னா அவுட்டு."

பிள்ளை கோட்டைப் பார்த்தது. என் பெட்டியைப் பார்த்தது. அதனிடம் நேற்றே சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்றுதான் இந்த நிமிஷம் வரைக்கும் நினைக்கிறேன். ஆனால் கண்ணைப் பார்த்தேன், அதில் ஒன்றும் தெரியவில்லை. என் கண்ணுக்கே தெரியவில்லை. கடிகாரம் எட்டு அடிக்கிற வரைக்கும் நின்றது. கதிரேசன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், உஸ் என்றேன்.

ஆதிரை என்னிடம் வந்து, பெட்டியின் பிடியில் சிக்கியிருந்த என் சேலை முனையை எடுத்துவிட்டது. பிறகு கோட்டைத் தாண்டித் தமயந்தி நின்ற பக்கத்துக்குப் போனது.